பேஸ்மேக்கர்: பிளம்பர் வேலையா, எலக்ட்ரீஷியன் வேலையா?

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில், மருத்துவமனை கேத் லேபில் டெக்னீஷியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற குடியிருப்புவாசி ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் இதயத்துக்குள் ஒயரைச் செலுத்தும்போது பக்கத்தில் நின்று, ஒயர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறதா, எத்தனை வோல்ட் கொடுத்தால் இதயம் பதில் சொல்கிறது என்று மெஷினில் அளந்து சொல்வது என் வேலை. முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன். அதனால் கூட்டம் முடிந்ததும் மாத்திரைச் சீட்டை நீட்டி “இதைப் பாதியாக்கலாமா?” என்று கேட்காதீர்கள். அதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார்.

இந்தப் பேச்சு எப்படி வந்தது என்றால், போன மாதம் நம் வளாகத்தில் ஒருவருக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். அன்று முழுக்க வாட்ஸ்அப் குழுவில் “சாருக்கு ஹார்ட்டில் பிளாக்காம்”, “எத்தனை பர்சென்ட் பிளாக்?”, “ஸ்டென்ட் வைத்தார்களா, பைபாஸா?” என்று ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அடைப்பே கிடையாது. ரத்தக்குழாய் சுத்தமாக இருந்தது. ஆனாலும் பிளாக்தான். இந்த ஒரு சொல் நம் ஊரில் பண்ணும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. நம்மைப் போன்ற அடுக்ககவாசிகளுக்கு இன்னும் மோசம், ஏ பிளாக், பி பிளாக் வேறு இருக்கிறதே.

நம் வளாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பைப்பில் அடைப்பு. இல்லையென்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. முதலாவதற்கு பிளம்பர், இரண்டாவதற்கு எலக்ட்ரீஷியன். இதயத்துக்கும் அப்படித்தான். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்தால் அது பிளம்பர் கேஸ். ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் அந்தப் பக்கம். இதயத்தைத் துடிக்கச் சொல்லும் மின்சாரம் பாதி வழியில் நின்றுபோனால் அது எலக்ட்ரீஷியன் கேஸ். அதையும் டாக்டர்கள் ‘ஹார்ட் பிளாக்’ என்றுதான் சொல்வார்கள். பேஸ்மேக்கர் இந்த இரண்டாவது வியாதிக்கானது. அது மாரடைப்பைத் தடுக்காது, அடைப்பைக் கரைக்காது. ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு பேஸ்மேக்கரும் தேவைப்படலாம், இரண்டும் ஒரே வீட்டில் வரக்கூடிய தனித்தனி ரிப்பேர்கள்.

அந்த ஒயரிங் எப்படி இருக்கிறது? இதயத்தின் வலது மேலறையில், மேல் மூலையில், சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திசு. அதுதான் மெயின். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அது தானாக மின்துடிப்பு அனுப்புகிறது. அந்தத் துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவில் இருக்கும் ஏ.வி. கணு என்ற ஒரே வாசல் வழியாகத்தான் கீழறைகளுக்கு இறங்க முடியும். வாசலில் வாட்ச்மேன் ஒரு கணம் நிறுத்தி அனுப்புகிற மாதிரி, அங்கே ஒரு சின்னத் தாமதம். மேலறை தன் ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க அந்த நேரம் வேண்டும். இந்த வாசலை 1906இல் விவரித்தவர் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர். மறு வருஷம் மெயின் எங்கே இருக்கிறது என்று இங்கிலாந்தில் கீத், ஃபிளாக் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள்.

இதில் இரண்டு இடத்தில் கோளாறு வரும். மெயினே சோர்ந்துபோகலாம். அல்லது மெயின் நன்றாக வேலை செய்து, வாசல் அடைத்துக்கொள்ளலாம். வாசல் முழுதாக அடைத்தாலும் இதயம் உடனே நின்றுவிடுவதில்லை. இயற்கை நமக்கு இன்வெர்ட்டர் வைத்திருக்கிறது. ஏ.வி. கணுவை ஒட்டிய பகுதி 40 முதல் 60 வரை தானாகத் துடிக்க வைக்கும். அதுவும் இல்லையென்றால் கீழறைகளே 20 முதல் 40 என்று ஓட்டும். ஆனால் இன்வெர்ட்டரில் லிஃப்ட் ஓடாதே. ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும். அந்த இன்வெர்ட்டரும் சில விநாடி தயங்கினால் ஆள் அப்படியே கீழே விழுவார். தரையில் படுத்த நிலையில் சில விநாடிகளில் துடிப்பு திரும்ப, எழுந்து உட்கார்ந்து “ஒன்றுமில்லை, லேசாகத் தலை சுற்றியது” என்பார்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது.

வேறொரு குடியிருப்பில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, 74 வயது. ஒரு வருஷத்தில் நான்கு முறை விழுந்தார். முதல் தடவை பாத்ரூமில். தரை ஈரம் என்றார்கள். இரண்டாவது தடவை கோயிலில், விரதம் என்றார்கள். பிறகு கழுத்து எலும்பு தேய்மானம் என்று காலர் மாட்டினார்கள், தலைச்சுற்றலுக்கு மாத்திரை, காதில் கோளாறு என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பயிற்சி. மருமகள் பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார். யாரையும் குறை சொல்ல முடியாது, நூறு தலைச்சுற்றலில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சாதாரணக் காரணங்களால் வருபவைதான். நான்காவது முறை இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் வழக்கமாக எடுக்கும் ஈ.சி.ஜி.யில் துடிப்பு 34. முழு ஹார்ட் பிளாக். எலும்புக்கு முன்னால் இதயத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்த வீட்டில் பி.பி. மெஷின் இருந்தது. தினமும் காலையில் பார்த்து டைரியில் எழுதியும் வைத்திருந்தார்கள். நான் அந்த டைரியைப் பார்த்தேன். 170/70, 176/68, 180/70. வரிசையாக அழகான கையெழுத்து. மெஷினில் மூன்று எண் தெரியும் அல்லவா? மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே மூன்றாவதாக ஒன்று. அந்த மூன்றாவது எண்தான் நாடித்துடிப்பு. அதை யாரும் எழுதவில்லை. நம் வீடுகளிலும் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். துடிப்பு மிகவும் குறையும்போது, ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளுவதால், மேல் பி.பி. பல பேருக்குக் கூடித்தான் காட்டும். வீட்டில் என்ன நினைப்பார்கள்? பி.பி. ஏறிவிட்டது, மாத்திரையைக் கூட்ட வேண்டும். அந்த மாத்திரை மெட்டோபுரோலால், அட்டினலால் போன்ற வகையாக இருந்துவிட்டால், ஏற்கெனவே தள்ளாடும் துடிப்பை இன்னும் குறைக்கும். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதை. ஆகவே டாக்டரிடம் போகும்போது மூன்று எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள்.

மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர் கீழே மூன்று விரலை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற குறுக்கு வழி, துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு ஏமாற்றும்.

உடனே இங்கே பாதிப் பேர் கையைப் பிடித்துப் பார்க்கிறீர்கள். 55 என்று வந்தால் பயந்துவிட வேண்டாம். தினமும் நடைப்பயிற்சி, நீச்சல் என்று இருப்பவர்களுக்கு ஐம்பதுகளில் இருப்பது இயல்பு. கையில் கட்டும் வாட்ச் ராத்திரி மூன்று மணிக்கு 46 காட்டியது என்று ஒருவர் லிஃப்டில் என்னிடம் கேட்டார். தூக்கத்தில் குறையத்தான் செய்யும். எண்ணும் தொந்தரவும் சேர்ந்து வந்தால்தான் விஷயம். துடிப்பு ஐம்பதுக்குக் கீழே, கூடவே தலைச்சுற்றல், காரணமில்லாத அசதி, முன்பு ஏறிய மாடியை இப்போது ஏற முடியவில்லை என்றால் ஓரிரு நாளில் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். நினைவு தப்பி விழுந்தால், உடனே எழுந்து காபி கேட்டாலும் சரி, அன்றைக்கே மருத்துவமனை. மயக்கத்தோடு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108.

ஒரு ஈ.சி.ஜி. சரியாக இருந்தது என்று விட்டுவிடவும் கூடாது. அது சில விநாடி போட்டோ மாதிரி. திருடன் வராத நேரத்து சி.சி.டி.வி. பதிவைப் பார்த்து என்ன பயன்? 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் ஹோல்டர் என்ற கருவியை மார்பில் ஒட்டி அனுப்புவார்கள். எப்போதாவது வந்துபோகும் மயக்கத்துக்கு, தோலுக்கடியில் வைத்து மாதக்கணக்கில் காவல் காக்கும் குட்டி ரெக்கார்டரும் உண்டு.

துடிப்பு குறைந்த எல்லோருக்கும் பேஸ்மேக்கரும் வேண்டாம். தைராய்டு குறைவு, ரத்தத்தில் பொட்டாசியம் கூடுவது, மேலே சொன்ன மாத்திரைகள், டிகாக்ஸின், வெரபாமில், டில்டியாசெம் எல்லாம் துடிப்பைக் குறைக்கும். பலர் நம்ப மறுக்கும் ஒன்று, கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து. கண்ணில் விட்ட சொட்டு ரத்தத்தில் கலந்து இதயத்தை மெதுவாக்க முடியும். மருந்துப் பட்டியல் கேட்டால் சொட்டு மருந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் என் பேச்சைக் கேட்டு எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அந்த பி.பி. மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது வேறு ஆபத்து.

மாற்ற முடிந்த காரணம் எதுவும் இல்லை, மின்பாதையே பழுது என்றால் அதைச் சரிசெய்யும் மாத்திரை கிடையாது. பேஸ்மேக்கர்தான்.

இப்போது கொஞ்சம் கதை. இந்தச் சிகிச்சை வந்த கதையை நான் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்வேன். 1950களில் இதயத்துக்குத் துடிப்பு கொடுக்கும் மெஷின்கள் சுவர் பிளக்கில் செருகி ஓட்டும் பெட்டிகள். ஒயரின் நீளம்தான் நோயாளியின் உலகம். 1957இல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் மின்தடை வந்தபோது என்ன கதியாயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதன் பிறகுதான் அங்கிருந்த லில்லிஹை என்ற அறுவை மருத்துவர் கேட்டுக்கொண்டதால், ஏர்ல் பேக்கன் என்ற எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் பாட்டரியில் ஓடும், உடம்பில் மாட்டிக்கொள்ளும் பெட்டியைச் செய்தார்.

உடம்புக்குள்ளேயே வைத்தது அடுத்த வருஷம், சுவீடனில். ஆர்னே லார்சன் என்பவருக்கு 43 வயது. முழு பிளாக். ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவர் மனைவி எல்ஸ் மரி, ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவரும் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற இன்ஜினியரும் இப்படி ஒரு கருவியில் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்கள் வாசலில் போய் நின்றார். இன்னும் மனிதருக்கு வைக்கும் அளவுக்கு வரவில்லை என்றார்கள். அந்த அம்மா விடவில்லை. எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து, அதற்குள் சர்க்யூட்டைப் போட்டு எப்பாக்ஸி ஊற்றி வார்த்தெடுத்தார். 1958 அக்டோபர் 8 அன்று பொருத்தினார்கள். சில மணி நேரத்தில் நின்றுபோனது. கைவசம் இருந்த இன்னொன்றை வைத்தார்கள், அதுவும் நீடிக்கவில்லை. ஆனால் மனிதர் தப்பித்தார். பிற்பாடு வந்த நல்ல கருவிகள், ஒன்று மாற்றி ஒன்றாக இருபதுக்கும் மேல் வைத்துக்கொண்டு, 2001 டிசம்பரில் 86 வயதில் இறந்தார். அதுவும் இதயத்தால் இல்லை, தோல் புற்றுநோயால். கருவியைச் செய்தவரும் பொருத்தியவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். அந்த மனைவியின் பிடிவாதத்தைப் பற்றி யாராவது சினிமா எடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்றைய கருவி தீப்பெட்டியைவிடத் தட்டை, எடை சுமார் முப்பது கிராம்தான். வேலை செய்வது நம் டி.ஜி. செட் மாதிரி. கரண்ட் இருக்கிற வரை ஜெனரேட்டர் சும்மா கவனித்துக்கொண்டிருக்கும், போன உடனே தானாக ஓடும். பேஸ்மேக்கரும் ஒவ்வொரு துடிப்பையும் கவனிக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் சொந்தத் துடிப்பு வந்தால் பேசாமல் இருக்கும். வராவிட்டால் தான் ஒன்று கொடுக்கும். அந்த மின்சாரம் மிக மெல்லியது. ‘ஷாக் அடிக்குமா?’ என்று எல்லோரும் கேட்பார்கள். பேஸ்மேக்கர் அடிக்காது. ஷாக் கொடுப்பது ஐ.சி.டி. என்ற வேறு கருவி. உயிருக்கு ஆபத்தான அதிவேகத் துடிப்பை நிறுத்துவதற்கானது. பலவீனமான இதயத்தின் இரண்டு கீழறைகளையும் ஒரே தாளத்தில் சேர்ந்து சுருங்க வைக்கும் சி.ஆர்.டி. என்றும் ஒன்று உண்டு. பெட்டி பார்க்க ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் மூன்றில் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்துவது சாதாரணமாக ஒரு மணி நேர வேலை. முழு மயக்கம் தேவையில்லை. காரை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி, சின்னக் கீறல், அங்கிருக்கும் ரத்தநாளம் வழியாக ஒயர், எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே இதயம் வரை. நெஞ்சைப் பிளப்பதில்லை. ஓரிரு நாளில் வீடு. ஒயரே இல்லாத, இரண்டு கிராம் எடையுள்ள மாத்திரைக் குப்பி போன்ற கருவியும் வந்துவிட்டது, தொடை வழியாகக் கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது, விலையும் அதிகம்.

“இந்த வயதில் எதற்கு ஆபரேஷன்?” என்று பிள்ளைகள் கேட்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொண்ணூறு வயதுக்காரர்களுக்கும் நாங்கள் வைத்திருக்கிறோம். இடுப்பெலும்பு முறிவுக்குச் செய்யும் அறுவையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. பணம் ஒரு காரணமென்றால், அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் உண்டு. நம் வளாகத்தில் வேலைக்கு வருபவர்கள், செக்யூரிட்டி நண்பர்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

வைத்த பிறகு நாலு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, தண்ணீர்க் கேன் தூக்கக் கூடாது. ஒயர் உள்ளே பிடித்துக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டும். அதற்காகக் கையை அசைக்காமலே கட்டி வைத்தால் தோள் இறுகிப்போகும், அதுவும் வேண்டாம். தையல் இடம் சிவந்தாலோ வீங்கினாலோ நீர் கசிந்தாலோ மஞ்சள் பத்துப் போட்டுப் பார்க்காமல் வைத்த இடத்துக்கே போங்கள். விடாத விக்கல் வந்தாலும் சொல்லுங்கள். ஒயர் உதரவிதானத்தைச் சுண்டுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். சிலர் தோலுக்கடியில் இருக்கும் பெட்டியை விரலால் உருட்டிக்கொண்டே டி.வி. பார்ப்பார்கள். அப்படி உருட்டி உருட்டி ஒயரையே சுருட்டி இழுத்துவிட்டவர்கள் உண்டு, அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

பாட்டரி பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வருஷம் வரும். செல்போன் மாதிரி திடீரென்று அணைந்துவிடாது, தீர்வதற்குப் பல மாதம் முன்பே செக்கப்பில் காட்டிக்கொடுக்கும். ஆனால் செக்கப்புக்குப் போனால்தானே? நன்றாக இருக்கிறேன் என்று வருஷக்கணக்கில் வராதவர்கள்தான் எங்களுக்குக் கவலை. மாற்றும்போது பெரும்பாலும் பழைய ஒயரை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள்.

இனி நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள்.

செல்போன் பேசலாம். சட்டைப் பையில், கருவிக்கு மேலேயே வைக்காதீர்கள். ஒரு ஜாண் தள்ளி, எதிர்ப்பக்கக் காதில். புது போன்களிலும் காதில் மாட்டும் இயர்போன் டப்பாக்களிலும் காந்தம் இருக்கிறது. காந்தம் அருகில் வந்தால் பேஸ்மேக்கர் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் கொடுத்துக்கொண்டிருக்கும். எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும். ஐ.சி.டி.யாக இருந்தால் கொடுக்க வேண்டிய ஷாக்கைக் கொடுக்காது, ஆகவே இன்னும் கவனம். கிளப் ஹவுஸில் அவ்வப்போது காந்த மெத்தை விற்க வருகிறார்களே, கருவி வைத்தவர்கள் அதன் மேல் படுத்துப் பார்க்க வேண்டாம்.

மைக்ரோவேவ், மிக்சி, கிரைண்டர், லிஃப்ட் எதுவும் பிரச்சினை இல்லை. இண்டக்ஷன் அடுப்பு மட்டும் இரண்டடி தள்ளி நில்லுங்கள். அதன் மேல் குனிந்து பால் பொங்குகிறதா என்று பார்க்க வேண்டாம். வெல்டிங் நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். ஏர்போர்ட் கதவில் சாதாரணமாக நடந்து போகலாம், கருவி அட்டையைக் காட்டி, கையில் பிடிக்கும் டிடெக்டரை மார்பில் நிறுத்தி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால், எடுக்கத் தோதான கருவியும் ஒயரும்தானா என்று அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த அட்டையைப் பத்திரமாக பீரோவில் பூட்டி வைப்பதில் பயனில்லை. பர்ஸில் இருக்கட்டும், ஒரு போட்டோ பிள்ளைகள் போனிலும்.

கடைசிச் சீட்டு, பெயர் எழுதாமல் வந்திருக்கிறது. “பேஸ்மேக்கர் இருந்தால் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருக்குமா?” நல்ல கேள்வி, நிறையப் பேர் மனதில் இருந்து கேட்கத் தயங்குவது. இழுக்காது. பேஸ்மேக்கர் கட்டளைதான் கொடுக்கிறது; கேட்க வேண்டியது இதயத் தசை. வாழ்வு முடியும் நேரத்தில் தசை அந்தக் கட்டளையைக் கேட்பதில்லை. கருவி தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஐ.சி.டி. மட்டும் கடைசி நேரத்தில் தேவையில்லாத ஷாக் கொடுக்கக்கூடும், அதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசி, அறுவை இல்லாமலேயே நிறுத்தி வைக்க முடியும்.

தகனத்துக்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும். சூட்டில் பாட்டரி வெடிக்கும், மின்மயானத்தில் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. மருத்துவமனையில் இறந்தால் அங்கேயே எடுத்துத் தருவார்கள். வீட்டில் என்றால், சான்றிதழ் கொடுக்க வரும் டாக்டரிடம் அப்போதே சொல்லுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் இது நினைவுக்கு வராது, அதனால் இப்போதே ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சங்க அலுவலகத்தில் அவசரத் தொடர்பு எண் எழுதும் பதிவேட்டில் இதற்கு ஒரு கட்டம் சேர்க்கலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.

டீ வந்துவிட்டது. பி.பி. மெஷின் கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். மூன்றாவது எண் எங்கே தெரியும் என்று ஒவ்வொரு மெஷினிலும் காட்டுகிறேன். சில கம்பெனி மெஷின்களில் அது ஓரத்தில் ரொம்பச் சின்னதாக இருக்கும். கண்ணாடியை மறக்காதீர்கள்.